வார்டு வாசலில் ஒறம்பரை

சரவணம்பட்டியில் ஒரு கல்லூரிக்குப் போன மாதம் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மருத்துவமனை நிர்வாகம் படிக்கிற பிள்ளைகள். ஏசி போட்ட வகுப்பறை, ஆளுக்கொரு லேப்டாப், சுவர் நிறையத் திரை. நான் பேசி முடித்ததும் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். “மேடம், உங்க காலத்துல விசிட்டர் மேனேஜ்மென்ட்டுக்கு எந்த சாஃப்ட்வேர் யூஸ் பண்ணீங்க?” என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “சாஃப்ட்வேரா? காப்பியும் வாய்வார்த்தையுந்தான் கண்ணு” என்றேன். பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துவிட்டார்கள். விளக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. சாப்பாட்டுக்கு ஓடுகிற பிள்ளைகளை நிறுத்திவைத்துக் கதை சொல்கிற பாவத்தை நான் செய்ய மாட்டேன். அந்தப் பெண் மட்டும் கார் வரைக்கும் கூடவே வந்தாள். “நெசமாவே காப்பிதானுங்களா மேடம்? எழுதியாச்சும் அனுப்புங்க” என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா?

நான் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது இப்படி ஒரு படிப்பு இருப்பதே கோயமுத்தூரில் பலருக்குத் தெரியாது. அப்பா மில்லில் வேலை பார்த்தார். பி.காம். முடித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதா, மேலே படிக்கவைப்பதா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, நானாகப் போய் விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வருகையில் பங்குச் சாமியார் நிறுத்திக் கேட்டார்.

“ஜெயசீலி, என்னம்மா படிக்கப் போறே?”

“மருத்துவமனை நிர்வாகம் சாமி.”

“ஓ, நர்சிங்கா! நல்ல ஊழியம்.”

“நர்சிங் இல்லைங்க சாமி.”

“அப்ப டாக்டருக்கா?”

“அதுவும் இல்லைங்க.”

 சாமியார் என் தலையில் கை வைத்து, “ஆண்டவர் வழிகாட்டுவார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வழி தெரியாமல் நிற்கிறவளுக்குக் கொடுக்கிற ஆசீர்வாதம் அது. என் சித்தி இன்னும் ஒருபடி மேலே போய், “ஊசியும் போட மாட்டே, மருந்தும் எழுத மாட்டே. அப்பறம் ஆசுபத்திரில ஒக்காந்து என்னதான் கண்ணு பண்ணுவே?” என்று கேட்டாள். ஓய்வு பெறுகிற வரைக்கும் அவளுக்கு நான் சரியாக விளக்கியதில்லை.

எங்கள் பேராசிரியர் முதல் வகுப்பிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் தொடாதது எதுவோ அதெல்லாம் உங்கள் தலையில் என்றார். தண்ணீர், சோறு, லிஃப்ட், ஆக்சிஜன், துணி, குப்பை, பிணவறைச் சாவி. இரண்டு வருஷமும் அப்படித்தான் போயிற்று. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ராஜநடை நடக்கலாம் என்று வந்தவர்கள் சலவைக்கூடத்தில் நின்றோம். அழுக்குத் துணி போகிற பாதையும் துவைத்த துணி வருகிற பாதையும் எந்த இடத்திலும் சந்திக்கக் கூடாது. அதை வரைபடமாகப் போட்டுக் காட்ட வேண்டும். நான் இந்த வித்தையை எங்கள் வீட்டில் அமல்படுத்தப் பார்த்தேன். கொல்லைக்கதவு வழியாகத்தான் அழுக்குத் துணி போக வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையில் அப்போது கரண்டி இருந்தது. நான் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

கடைசி வருஷம் ஆளுக்கொரு ஆய்வு செய்ய வேண்டும். நான் எடுத்துக்கொண்டது பார்வையாளர் ஒழுங்கு. ஒரு நோயாளிக்கு இரண்டு பாஸ், சாயங்காலம் மட்டும் அனுமதி, பாஸ் இல்லாதவருக்கு உள்ளே வேலையில்லை. படம் படமாகப் போட்டு விளக்கினேன். வகுப்பில் கை தட்டினார்கள். வடக்கேயிருந்து வந்திருந்த தேர்வாளர், மிக நேர்த்தியான திட்டம் என்று பாராட்டினார். அந்த மனிதர் எங்கள் ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதைப் பார்த்ததில்லை. பார்த்திருந்த நானே அதையெல்லாம் மறந்துவிட்டுத்தான் எழுதியிருந்தேன்.

படிப்பு முடிந்ததும் நகரத்திலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. எனக்கு மேலே தலைமை நிர்வாகி ரங்கசாமி சார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கர்ச்சீப் மடித்து வைத்திருப்பார். ஊழியர் வாசல் வழியாக அவர் வந்து நான் பார்த்ததேயில்லை. தினமும் காலையில் வெளிநோயாளி வாசலில் நுழைந்து, பெஞ்சில் நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் இருப்பவரிடம் “எந்த ஊருங்க? எத்தனை நேரமா ஒக்காந்திருக்கீங்க?” என்று பேச்சுக் கொடுப்பார். அந்த மனிதர் இவரையும் ஒரு நோயாளி என்று நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் வண்டவாளம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். ரங்கசாமி சார் மாடியேறி வரும்போது எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த கவுண்டரில் ஆளில்லை என்பதெல்லாம் அவர் கையில் இருக்கும்.

அவர் கோபப்பட்டால் குரல் உயராது. ‘ங்க’தான் கூடும். சாதாரணமாக இருந்தால், “வா கண்ணு, ஒக்காரு” என்பார். “ஏனுங்க ஜெயசீலிங்க, அந்த லிஃப்டுங்க, நேத்தே ரிப்பேருன்னு சொன்னீங்கல்லங்க, இன்னைக்கும் அப்படியே நிக்குதுங்களே?” என்று ஆரம்பித்தால் எங்களுக்கு முதுகில் வேர்க்கும். வெளியூரிலிருந்து வந்த ஒரு டாக்டர், இவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, “எவ்வளவு மரியாதையான மனிதர்!” என்று எங்களிடமே மெச்சினார். அவருக்கு யார் போய்ச் சொல்வது?

என் பாஸ் திட்டத்தைச் சாரிடம் காட்டினேன். “பண்ணிப் பாரு கண்ணு” என்றார். அச்சடித்த பாஸ்கள் வந்தன. வார்டு வாசலில் காவலுக்கு ராசு என்று ஒருவரை நிறுத்தினேன். சத்தியமங்கலத்துக்காரர், நல்ல உயரம், விறைப்பான சீருடை. முதல் நாள் நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு பாட்டியம்மா கூடையோடு வந்தார்.

“பாஸ் இல்லாம உள்ள போகக் கூடாதுங்க ஆத்தா” என்றார் ராசு.

“ஆமாங்க சாமி. நீங்க சொல்றது வாஸ்தவமுங்க” என்று சொல்லிக்கொண்டே பாட்டியம்மா உள்ளே போய்விட்டார்.

நான் ஓடிப்போய், “என்ன ராசு இது?” என்று கேட்டேன். “நாஞ்சொன்னேனுங்களே மேடம்! அவங்களும் சரின்னுதானுங்க சொன்னாங்க” என்றார். அவர் முகத்தில் ஒரு குறையும் இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மரியாதைக் குறைவாக நடத்தவில்லை. அதற்குமேல் அவர் என்ன செய்வார்?

அந்த வாரக் கடைசியில் ரங்கசாமி சார் என்னைக் கூப்பிட்டு, கட்டடத்தின் பின்பக்கம் அழைத்துப் போனார். மேலே பார்க்கச் சொன்னார். முதல் மாடி ஜன்னலிலிருந்து ஒரு துண்டு இறங்கிக்கொண்டிருந்தது. நுனியில் என் பாஸ் இரண்டையும் முடிந்திருந்தார்கள். கீழே நின்றவர்கள் அவிழ்த்து எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தார்கள். சற்று நேரத்தில் மறுபடியும் துண்டு இறங்கியது. “துண்டு நல்லா எறங்குதுங்க” என்றார் சார். ஒரே ஒரு ‘ங்க’தான். அதனால் தைரியமாக நானும் சிரித்துவிட்டேன்.

இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் ஒறம்பரை மொத்தமும் வந்து பார்க்க வேண்டும். உறவுக்காரர், விருந்தாளி எல்லோருக்கும் சேர்த்து எங்கள் ஊரில் அந்த ஒரே சொல்தான். வேன் வைத்துக்கொண்டு வருவார்கள். ஹார்லிக்ஸ், ரொட்டி, சாத்துக்குடி, இளநீர் என்று சேர்த்தால் ஒரு சின்னக் கடையே வைக்கலாம். வந்து பார்க்காமல் விட்டால் அது மனசில் நின்றுவிடும். நாலு வருஷம் கழித்து ஒரு காதுகுத்தில், “நான் சீக்காக் கெடந்தப்ப எட்டிப் பாத்தீங்களா?” என்று ஒரு கேள்வி வரும். அப்புறம் அந்த இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இருக்காது. ஆகவே பாஸ் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப நினைத்தால், நாம் ஒரு வீட்டு நல்லது கெட்டதில் கை வைக்கிறோம் என்று அர்த்தம்.

இந்தச் சங்கடம் முழுசாக என் தலையில் இறங்கியது கோகிலா வந்தபோதுதான். கொரோனாவுக்கெல்லாம் ரொம்ப முன்னால். முகமூடி என்றால் ஆபரேஷன் தியேட்டரில் போடுகிற சமாச்சாரம் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம்.

கோகிலா அந்தியூர்ப் பக்கம். விவசாயக் குடும்பம். கல்லூரியில் கணக்கு படித்துக்கொண்டிருந்த பெண். ரத்தப் புற்றுநோய் என்று சேர்த்திருந்தார்கள். குணமாக்கக்கூடிய வகைதான். ஆனால் அதற்குக் கொடுக்கிற மருந்து, நோயோடு சேர்த்து உடம்பின் எதிர்ப்பு சக்தியையும் துடைத்தெடுத்துவிடும். அது மறுபடி ஊறி வரும்வரை சில வாரங்களுக்கு உடம்பு திறந்து போட்ட வீடு மாதிரி கிடக்கும். நமக்குத் தும்மலோடு போகிற ஒரு கிருமி அவளைக் கொண்டு போய்விடலாம். ரத்தநோய் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “பாதி என் மருந்து ஜெயசீலி, பாதி உங்க கதவு. கதவு தொறந்தா நான் எத்தனை மருந்து கொடுத்தும் பிரயோசனமில்லை.”

மூன்றாம் மாடிக் கோடியில் தனி அறை. அதற்கு முன்னால் ஒரு சின்ன அறையில் செருப்பை மாற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, அங்கி, தொப்பி, முகமூடி போட்டுக்கொண்டுதான் உள்ளே போகலாம். கூட இருக்க ஒரே ஆள், அவளுடைய அம்மா சரசு. பூ கூடாது, பழம் கூடாது, வெளிச்சாப்பாடு கூடாது. எங்கள் சமையலறையிலிருந்து ஆவி பறக்க வருவதை மட்டும் சாப்பிட வேண்டும். எல்லாவற்றையும் கோகிலாவின் அப்பா பழனிச்சாமியிடம் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. அவரே எல்லோரையும் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தனியாகக் கூப்பிட்டு, “உங்க பொண்ணு உசிரு உங்களுக்கு வேணுமா வேண்டாமாங்க?” என்றே கேட்டுவிட்டேன்.

மனிதர் கண்கலங்கிவிட்டார். “வராதீங்கன்னு நான் எந்த வாயிலங்க சொல்லுவேன்? நாளைக்கு என்ற புள்ளை பொழைச்சு வந்து அதுக்கொரு நல்லதுன்னா இவங்கதானுங்களே வந்து நிக்கோணும். அதும் சரசு பக்கத்து ஆளுக வந்தா, நான் அந்த ஊட்டு மாப்பிள்ளைங்க. நான் வாயே தொறக்க முடியாதுங்க.”

அவர் சொன்னதில் பொய் இல்லை.  பெண்ணையும் காப்பாற்ற வேண்டும், அவளுக்குப் பின்னால் நிற்கிற ஒறம்பரையும் அறுந்துபோகக் கூடாது. இதற்குப் பாடத்தில் படம் இல்லை.

அந்த வாரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் பெண்ணின் அப்பா நின்று வருகிற ஒவ்வொருவரையும் “வாங்க, வாங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் அந்த ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால், வந்தவர் பந்தியில் உட்காராமல் அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விடுவார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேன் பிடித்து இவ்வளவு தூரம் வருகிறவர்களை ஆஸ்பத்திரியில் யாருமே “வாங்க” என்று சொல்வதில்லை. “எங்க போறீங்க?” என்றுதான் கேட்கிறோம். வீட்டுக்காரர் மாடியில் இருந்தால் அவர்களும் மாடிக்குத்தான் போவார்கள். வீட்டுக்காரரைக் கீழே கொண்டுவந்துவிட்டால்?

முன்வாசலை ஒட்டி, பழைய மருந்துக்கடை இருந்த அறை காலியாகக் கிடந்தது. சுத்தம் செய்து, பெஞ்சு போட்டு, ஃபேன் மாட்டி, கேன்டீனிலிருந்து காப்பி வர ஏற்பாடு செய்தேன். பழனிச்சாமியை அங்கே உட்காரவைத்தேன். “வர்றவங்களை நீங்க வாங்கன்னு சொல்லுங்க. காப்பி கொடுங்க. என்ன நடந்துச்சுன்னு நிதானமாச் சொல்லுங்க. வந்தவங்க வந்தாச்சுன்னு ஆகட்டும்” என்றேன். ரங்கசாமி சார் வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துப் பார்த்துவிட்டு, “நல்ல ரோசனை கண்ணு” என்று சொல்லிப் போனார். அன்றைக்கு நான் மாலைவரை தரையில் நடக்கவில்லை.

ஏற்பாடு நன்றாகவே ஓடியது. பெரும்பாலோர் காப்பி குடித்து, கண்ணைத் துடைத்து, ஹார்லிக்ஸைக் கொடுத்துவிட்டுத் திருப்தியாகவே வேன் ஏறினார்கள். சென்னியப்பன் வருகிற வரைக்கும்.

சென்னியப்பன் சரசுவின் அண்ணன். கோகிலாவுக்குத் தாய்மாமன். மாட்டு வியாபாரம். ஆள் கூப்பிட்டால் மூன்று தெருவுக்குக் கேட்கும். அந்தியூர்ச் சந்தையிலிருந்து நேராக வந்திருந்தார். வேட்டியில் சாணிக்கறை காயவில்லை. “இவ காது குத்தினப்ப என்ற மடியிலதானுங்க ஒக்கார வெச்சாங்க. நான் காப்பி குடிக்கவா வந்தேன்?” என்று என்னைக் கேட்டார். நான் பொறுமையாக விளக்கினேன். “சரீங்க, சரீங்க” என்றார். அந்த ‘சரீங்க’வை நான் நம்பியிருக்கக் கூடாது. பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போனவர், சாப்பாட்டு வண்டி ஏறுகிற சாய்தளம் வழியாக மூன்றாம் மாடிக்குப் போய்விட்டார். நர்ஸ் போட்ட கூச்சல் கேட்டு நான் மூச்சிரைக்க ஓடினேன். அதற்குள் மனிதர் உள்ளே போய், அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சி, நெற்றியில் திருநீறும் பூசிவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்துப்போட்டேனுங்க அம்மணி! புள்ளை சோக்காத்தான் இருக்குது. நீங்கதான் சும்மா பயங் காட்டறீங்க.”

அன்றைக்கு என் வாயில் ஒரு ‘ங்க’கூட வரவில்லை. என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது.

மறுநாளே கோகிலாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. சாதாரணக் காய்ச்சல் அல்ல. உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிற காய்ச்சல். டாக்டரம்மா மருந்துக்கு மேல் மருந்து மாற்றிக்கொண்டிருந்தார். எதனால் வந்தது என்று கேட்டேன். “அவ குடல்ல இருந்த கிருமியே கிளம்பியிருக்கலாம். வெளியிலிருந்தும் வந்திருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது” என்றார்.

அடுத்த நாள் காலையில் என் அறை வாசலில் சென்னியப்பன் தனியாக நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அந்தக் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“என்ற கையாலதானுங்களா அம்மணி?”

டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். தெரியாது என்பதுதான் உண்மை என்றேன். அவர் தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு முந்தாநாள் இருந்த கோபமெல்லாம் எங்கோ போய், அந்த மனிதரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அதற்குள் ஊரில் வேறு சேதி பரவியிருந்தது. கோகிலாவுக்கு முடியவில்லையாம், கடைசியாக ஒருமுறை முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று பேச்சு. இதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமில்லை. அப்பா வழி ஒரு வேன், அம்மா வழி இன்னொரு வேன், பஸ் பிடித்து வந்தவர்கள் வேறு. இதுபோல ஒரு சமயத்தில் காப்பி கொடுத்து யாரைத் திருப்ப முடியும்? பழனிச்சாமி பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ராசு எல்லோரிடமும் மரியாதையாகச் சொல்லிக்கொண்டே பின்னால் பின்னால் நகர்ந்து மாடிப்படிக்கே வந்துவிட்டார். நான் ரங்கசாமி சார் அறைக்கு ஓடினேன்.

சார் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் வாசலைப் பார்த்தார். கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அந்தப் புள்ளைக்கு மாமனுக்கு மேல ஒறவு யாரு கண்ணு?”

அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் எந்தச் சீர் என்றாலும் தாய்மாமன் வந்து நின்றால்தான் ஆரம்பிக்கும். அவருக்கு முன்னால் இன்னொருவர் உரிமை பேச முடியாது. பெண்ணின் அப்பாவால் சொல்ல முடியாத வார்த்தையை அவரால் இரண்டு பக்கத்துக்கும் சொல்ல முடியும்.

சென்னியப்பனைத் தேடிப் பிடித்தேன். பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்திருந்தார். “உங்களால ஒரு வேலை ஆகணுங்க” என்றேன். “நீங்க முன்வாசல்ல நின்னு ஒருத்தரையும் மேல விடக் கூடாது. அதுக்கு நீங்களும் அவளைப் பாக்கக் கூடாதுங்க. டாக்டர் சொல்ற வரைக்கும். எது நடந்தாலும்.”

 அந்தப் பெண் போய்விட்டால், கடைசியாக ஒரு தடவை பார்க்கவிடாமல் தாய்மாமனைத் தடுத்த பாவம் என் தலையில் இருக்கும். அவருக்கும் அது புரிந்தது. எழுந்து குழாயைத் திறந்து கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

“பாக்கலீங்க” என்றார்.

அவர் போய் வாசலில் நின்றதுதான் தெரியும். கூட்டம் அப்படியே மட்டுப்பட்டது. “வாங்க, அல்லாரும் வாங்க. புள்ளைக்குக் காச்சலுங்க. யாரும் மேல போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாங்க. நானே பாக்கலீங்க” என்றார். கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் இருந்தது. பழனிச்சாமியின் பெரியம்மா ஒருவர், அந்தக் குடும்பத்திலேயே மூத்தவர், கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

“என்ன சென்னியப்பா, என்னையவே தடுக்கறயா?”

“தடுக்கலீங்க அத்தை. நானும் உங்ககூட வெளியதானுங்க நிக்கறேன்.”

கிழவி அவரை மேலும் கீழும் பார்த்தார். “தாய்மாமனே வெளிய நிக்கறான். நாம எப்படி உள்ள போறது?” என்று பின்னால் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, போய் பெஞ்சில் உட்கார்ந்து காப்பி கேட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக அவர் பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் முதல் சென்னியப்பன் செய்த அட்டகாசம் இருக்கிறதே, அடேயப்பா! எங்கள் நர்ஸ்களே தேவலை என்று ஆகிவிட்டது. சந்தைக்குப் போவதை விட்டுவிட்டார். காலையில் குளித்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றுவிடுவார். காப்பி அறையில் யாராவது தும்மினால் போதும், “ஏனுங்க, சித்த அக்கட்டால போய் மரத்தடில நில்லுங்க” என்று அனுப்பிவிடுவார். ஒருநாள் டாக்டரம்மாவையே மறித்து, “கை கழுவியாச்சுங்களா?” என்று கேட்டார். டாக்டரம்மா மேலே போய்க் கழுவுவேன் என்றதற்கு, “இங்கியும் ஒருக்காக் கழுவிப்போட்டுப் போங்களேன்” என்றார். அவரும் சிரித்துக்கொண்டே கழுவினார். ரங்கசாமி சார் முறை வந்தபோது அவர் மறுபேச்சில்லாமல் குழாயடிக்குப் போனார். திரும்பி வந்து என்னிடம், “இவருக்கு ஒரு யூனிபாரம் தைக்கலாமா கண்ணு?” என்று கேட்டார்.

ஆனால் தினமும் மத்தியானம் நான் அந்தப் பக்கம் போகும்போது சிரிப்பெல்லாம் போய்விடும். “அம்மணி, புள்ளைக்கு எப்படீங்க?” என்று கேட்பார். “அப்படியேதானுங்க இருக்குது” என்று சொல்ல வேண்டியிருந்த நாட்கள் உண்டு. “சரீங்க” என்று சொல்லிவிட்டு மறுபடி வாசலைப் பார்த்து நின்றுகொள்வார்.

ஒருநாள் காய்ச்சல் இறங்கியது. இறங்கியது மறுபடி ஏறவில்லை. சில நாளில் ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் ஏற ஆரம்பித்தன. டாக்டரம்மா பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டு தானே என் அறைக்கு ஓடி வந்தார். நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். நான் மனசுக்குள் மாதாவுக்கு ஒரு நன்றி சொன்னேன். முழுக்கக் குணமாக இன்னும் பல மாத மருந்து பாக்கி இருந்தது. அதையும் தாண்டி வந்து, கோகிலா இப்போது ஈரோட்டில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கதவு திறந்த நாளைப் பற்றி.

அங்கியும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா அனுமதித்தார். ஒறம்பரை எல்லோரும் மூன்றாம் மாடி நடையில் வரிசையாக நின்றார்கள். முதலில் யார் என்று ஒரு பேச்சு எழவில்லை. பெரியம்மா கைத்தடியால் சென்னியப்பனைக் காட்டினார்.

அவ்வளவு பெரிய உடம்புக்கு எங்கள் அங்கி போதவில்லை. தொப்பி உச்சந்தலையில் ஒட்டிக்கொண்டு நின்றது. நர்ஸ் கதவைத் திறந்தாள். கோகிலா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையில் ஒரு முடியில்லை, கண் இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. அவரைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

“மாமா! இதென்னங்க வேசம்? உள்ள வாங்க.”

சென்னியப்பன் நிலைப்படியில் ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய காலை அப்படியே பின்னால் எடுத்து வைத்துக்கொண்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இங்கிருந்தே தெரியுது கண்ணு.”

“டாக்டரே வரலாம்னுட்டாங்களே மாமா!”

“அவங்க சொல்லுவாங்க. நீ மொதல்ல ஊட்டுக்கு வா. அங்க வந்து மாமன் உன்னையத் தொட்டுப் பாத்துக்கறேன்.”

முகமூடிக்கு மேலே கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கட்டிய கையை அவிழ்க்காமலே, முழங்கையால் மெல்லத் தள்ளிக் கதவைச் சாத்தினார். நடையில் நின்றவர்கள் பக்கம் திரும்பினார்.

“புள்ளை நல்லா இருக்குது. பாத்துப்போட்டேன். வாங்க, ஊட்டுக்குப் போலாம்.”

எனக்கு முறை வரவில்லையே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெரியம்மா கைத்தடியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மற்றவர்கள் பின்னாலேயே படியிறங்கிப் போனார்கள்.